புகைபோக்கித் தகட்டை மூடியது யார்

மருமகள் ரவ்ஷானுக்கு, மாமா எழுதுவது. நீயும் குழந்தையும் உன் தகப்பனார் வீட்டில் உடம்பு தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு வாந்தி நின்றதா?

இங்கே இன்று காலை குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. கதவைத் திறக்கவே பனியை வெட்ட வேண்டியிருந்தது. பருத்திக் காட்டில் வெறும் சட்டையோடு திரிந்த என்னை இந்த வடக்குக்கு இழுத்து வந்தது உன் புருஷன்தான். அரசாங்கம் வீடு தருகிறது, ரயில் பட்டறையில் வேலை தருகிறது என்றான். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அதை இன்றும் சொல்வேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல. போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று முடித்துவிடுவாய்.

அடுப்பு விஷயம். பக்கத்து வீட்டு கிளாவ்தியா, வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாள்: "பெரியவரே, இது உங்க ஊர் பருத்திக் குச்சி இல்ல, நிலக்கரி. கங்கு மேல நீலச் சுடர் ஆடுற வரைக்கும் புகைபோக்கிய அடைக்கிற அந்தத் தகட்டத் தொடாதீங்க. விஷப் புகை வாசனையே காட்டாது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அறுபத்தெட்டு வருசமா நெருப்பு மூட்டுறேன், எனக்கே பாடமா?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "மூட்டத் தெரியும், மூடத் தெரியுமான்னுதான் கேக்குறேன்" என்றாள். பம்பு, டிராக்டர், மின்சாரம் எதையும் நான் யாரிடமும் கேட்டுக் கற்றவனில்லை. ஒரு பெண்பிள்ளை சொல்லி அடுப்பைக் கற்பதா என்று கோபம்.

அன்று காலை பத்து மணிக்கு நீ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாய். சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் தழல் அணைந்ததும் மூடுவதுபோலத் தகட்டை மூடிவிட்டுக் கூரைப் பனியைத் தள்ளப் போனேன். கங்கில் நீலம் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

கிளாவ்தியா பால் கொண்டு வந்திராவிட்டால், மயங்கிக் கிடந்த உங்கள் இருவரையும் வெளியே பனியில் இழுத்துப் போட ஆள் இருந்திருக்காது. மருத்துவர் வந்து, தகட்டை யார் மூடியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டு அடுப்ப பொம்பளைங்கதானே பாக்குறாங்க" என்றேன். பொய்யென்றும் சொல்ல முடியாது, உண்மையென்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சொல்லைத் தேடி எடுத்தேன்.

என் மகன் சபித் பட்டறையிலிருந்து ஓடி வந்து, "புள்ளையக் கொல்லப் பாத்தியா? ஒரு தகட்டப் பாத்துக்கத் தெரியாதா?" என்று உன்னைப் பார்த்துக் கத்தினான். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு முக்காட்டை இழுத்துக் கட்டினாய். மாமனாரை எதிர்த்துப் பேசாத மருமகள் என்று ஊரே உன்னை மெச்சும். அந்த வழக்கத்துக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். நீ ரயிலேறிப் போன பிறகும் பதினோரு நாள் ஒளிந்தேன்.

வெள்ளிக்கிழமை சபித்திடம் சொல்லிவிட்டேன். கிளாவ்தியாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. சபித் எனக்குச் சாப்பாடு வைக்கிறான், தேநீர் ஊற்றுகிறான், முகம் பார்ப்பதில்லை. அது சரிதான். இப்போது அடுப்பை அவன்தான் பார்க்கிறான். நான் தொடுவதில்லை.

நீ திரும்பி வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. வந்தால் அந்த அடுப்பும் வீடும் உன் சொல்படி. நான் இருக்கக்கூடாது என்றால் நம் ஊருக்கே, தம்பி வீட்டுக்குப் போகிறேன். இந்தக் குளிரை விட்டுப் போவதில் எனக்கு நஷ்டமில்லை, குழந்தையை விட்டுப் போவதில்தான்.

உன் தகப்பனாரும் உன்மேல்தான் தவறு என்று நினைத்துத் தலைகுனிந்திருப்பார். இந்தக் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது நம் முறை. அந்த முறையை நான் இன்று எடுத்துவிட்டேன் அம்மா. கடைசி வரியையும் விடாமல் படி.

குழந்தையும் நீயும் நூறு வயது மூச்சோடு இருக்க வேண்டும்.

தகட்டை மூடியவன்,
ஒமிர்ஸாக்