சின்ன டிரைவ் வந்த மாதம்

மார்ச் 3, திங்கள்

எங்கள் டைவிங் கிளப்பின் செயலாளரம்மா இன்று நீச்சல்குளத்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார். குளியல் சோப்பு தேய்ந்து பாதியானால் இருக்குமே, அந்த அளவு. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இதுதாம்மா அந்த எஸ்எஸ்டி டிரைவ். நீ எடுக்கிற டைவிங் வீடியோவை எல்லாம் இதுல போட்டுப் பாரு. இந்த மாசம் முழுக்க தினமும் பயன்படுத்து. ஒத்துவந்தா இன்னும் நாலு வாங்கலாம். ஒத்துவராட்டி நேரா சொல்லிடு."

வரும் வழியில் ரெண்டு முறை கைப்பையைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்தேன். பைத்தியம்தான்.

என் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு உள்ளே தட்டு சுழன்று சுழன்று முனகும். காலையில் எடுத்த ஸ்லோ மோஷன் வீடியோவை அதில் ஏற்றினால், மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் முடியும். குதித்தவர்கள் தாங்கள் குதித்ததை மறுநாள்தான் பார்ப்பார்கள். இந்தப் பொடியனுக்குள் சுழல எதுவுமே இல்லையாம். சத்தமும் இல்லை. வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வருகிறது.

மார்ச் 4, செவ்வாய்

வேலை செய்கிறது! போன வாரத்து வீடியோ மொத்தத்தையும் லேப்டாப்பிலிருந்து அதில் ஏற்றக் கொடுத்துவிட்டு காப்பி டம்ளரை எடுத்து ஊதினேன். நிமிர்ந்தால் முடிந்திருக்கிறது.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன ஆச்சு?" என்றார்.

"காப்பி ஆயிடுச்சு!"

"கையிலதானே வச்சிருக்கே?"

அந்தக் காப்பி இல்லை என்று விளக்குவதற்குள் கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

இதை எழுதாமல் இன்று தூக்கம் வராது.

கேமராவிலிருந்து ஒரு கேபிளை இழுத்து டிரைவில் செருகினால், வீடியோ நேராக டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. நடுவில் மெமரி கார்டே வேண்டாம். அதை அப்படியே கழற்றி லேப்டாப்பில் செருகினால் படம் ஓடுகிறது. ஒரு இடத்தில் திக்கவில்லை, திணறவில்லை.

என் தங்கைதான் முதலில் குதிக்கும் பலகையில் ஏறினாள். பிள்ளை பெற்றபின் திரும்பி வந்து குதிப்பவள். எல்லாம் பழையபடி வருகிறது, ஒரே ஒரு குதிப்பு மட்டும் வரவில்லை. தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் பலகையின் நுனியில் நின்று, பின்பக்கமாக ஒன்றரைச் சுற்று சுற்றித் தலைகீழாக இறங்க வேண்டும். திரும்பி வந்த புதிதில் அதில் ஒருமுறை முதுகு தட்டையாகத் தண்ணீரில் அடிபட்டது. துப்பட்டா கிழிவது போலச் சத்தம். அன்றிலிருந்து பயம். மாதக் கடைசியில் அணித் தேர்வு. அந்தக் குதிப்பு இல்லாமல் மதிப்பெண் எட்டாது.

"கால் பலகையை விட்றதுக்கு முன்னாடியே தலையைப் பின்னாடி சாய்க்கிறே" என்று கோச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "நான் சாய்க்கவே இல்ல சார்" என்பாள் இவள். மறுநாள் வீடியோவைக் காட்டினால், "அது நேத்து. இன்னைக்குச் சரியாத்தான் பண்ணேன்" என்பாள்.

இன்று அவள் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நிற்கும்போதே லேப்டாப்பைத் திருப்பினேன். மெதுவாக ஓடவிட்டேன். பாதம் இன்னும் பலகையில் அழுந்தி இருக்கிறது, தலை அதற்குள் தண்ணீரைத் தேடிப் போய்விட்டது.

திரும்ப ஓட்டச் சொன்னாள். அப்புறம், "அடப்பாவி, ஆமாக்கா" என்றாள்.

கோச் மட்டும், "பிஸ்கட்டு மாதிரி இருக்கிறதை நம்பி எல்லாத்தையும் அதுல போடாதீங்க. கார்டுலயும் எடுங்க" என்றார். இரண்டிலும் ஒரே நேரத்தில் எடுக்க என் கேமராவில் வழியில்லை சார் என்றேன். உண்மைதான். ஆனால் வழி இருந்தாலும் இன்று அந்த மனநிலையில் இல்லை நான்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுச் சோதனைகள். சாவிக்கொத்தோடு பையில் கிடந்தது: கீறல் உண்டு, பழுதில்லை. மேசையிலிருந்து தரையில் விழுந்தது (நானாகத் தள்ளவில்லை, சத்தியமாக): ஒன்றுமில்லை. டிவியில் செருகினால் உடனே படம் வருகிறது. கைபேசிப் படங்களையும் வாங்கிக்கொள்கிறது.

ஒரே ஒரு குழப்பம். இவருடைய கேபிளைப் போட்டதும் டிரைவ் இருப்பதாகவே லேப்டாப் காட்டவில்லை. கடைசியில் பார்த்தால் அது வெறும் சார்ஜ் ஏற்றும் கேபிள்! டிரைவோடு வந்த கேபிளைத் தொலைத்தால் தொலைந்தோம்.

தங்கை மகள் எடுத்து வாயில் வைத்துவிட்டாள். எச்சில் சோதனையிலும் தேறியது.

மார்ச் 12, புதன்

முதல் குறை. வெயிலில் குளத்தின் ஓரமாக வைத்துப் பதிவு செய்தால் சூடாகிறது. தொட முடியவில்லை. பதிவு பாதியில் நின்றுவிட்டது. முக்காலியின் நிழல் விழும் பக்கத்துக் காலில் டேப் போட்டு ஒட்டிய பிறகு சரியானது.

தங்கை இன்று கொஞ்சம் உயரம் எழும்பினாள். தலை இன்னும் முந்தி ஓடுகிறது. ஆனால் முன்னைப்போல அவசரமாக இல்லை.

மார்ச் 15, சனி

கையெழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்யச் சோம்பல்பட்டு கேமராவை ஓடவே விட்டிருந்தேன். தங்கை பலகை நுனிக்குப் போனாள். முதுகைக் காட்டி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். எழும்பினாள் — தலை நேராக, முகம் எங்களைப் பார்த்தபடி — மேலே, இன்னும் மேலே — அப்புறம்தான் சுற்றினாள். தண்ணீரில் சத்தமே இல்லை. ஒரு வளையம் மட்டும்.

நான் கத்திக்கொண்டு குதித்தேன். குதித்த குதியில் கால் கேபிளில் சிக்கி, டேப் பிய்ந்து டிரைவ் பறந்துபோய் ஈரத்தரையில் விழுந்தது. கேமரா, பதிவு நின்றுவிட்டதாகச் சொன்னது.

டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய வீடியோக்கள் எல்லாம் இருக்கின்றன. இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த ஒன்று மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

எத்தனை நாள் காத்திருந்த குதிப்பு! யாராவது தெரியாதவர் தட்டிவிட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் காலை நானே என்ன செய்ய?

கோச் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து மீட்டுத் தரும் மென்பொருள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் கிடைக்கவில்லை. தங்கைக்கு போன் செய்து, "மன்னிச்சுக்கடி, போயிடுச்சு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் சிரித்தாள்! "அக்கா, நீ ஏன் அழுவுறே? நான் எப்படிக் குதிச்சேன்னு எனக்குத் தெரியும்க்கா. மேல போகும்போது உன் மூஞ்சியைப் பார்த்தேன். வாயைப் பொளந்துட்டு நின்னே. முன்னெல்லாம் அந்த நேரத்துல எனக்கு வானம்தான் தெரியும்."

"அப்போ வீடியோ வேண்டாமா?"

"நாளைக்கு இன்னொன்னு எடுத்துக்கோ. நான் எங்க போயிடப்போறேன்?"

போனை வைத்தபின் சந்தேகம் வந்தது. என்னைத் தேற்ற அவள் பொய் சொல்கிறாளோ?

மார்ச் 17, திங்கள்

பொய் இல்லை. மூன்று முறை ஏறினாள். முதலாவது சுமார். அடுத்த இரண்டும் — ஐயோ, என்ன அழகு! ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிவை நிறுத்தினேன். கேபிளை முக்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நான் சந்தோஷப்பட வேண்டுமானால் நாலடி தள்ளிப் போய்த்தான் சந்தோஷப்பட வேண்டும் என்று கோச் உத்தரவு.

மார்ச் 24, திங்கள்

மாதம் முடியுமுன்பே செயலாளரம்மா கேட்டார், சொல்லியாயிற்று. வேகம் பிரமாதம். அடி, ஈரம், குழந்தை, மூன்றையும் தாங்குகிறது. வெயில் ஆகாது. சொந்தக் கேபிளைத்தான் போட வேண்டும். பதிவின்போது பிடுங்கினால் அந்த வீடியோ போய்விடும். அன்றன்று எடுத்ததை வேறொன்றிலும் கட்டாயம் ஏற்றிவைக்க வேண்டும்.

"வாங்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

"நாலு போதாதும்மா."

மார்ச் 30, ஞாயிறு

தேர்வு. அந்தக் குதிப்பைக் கடைசியாக வைத்திருந்தாள். நாலடி தள்ளியே நின்றேன். அணியில் மூன்றாவது பெயர் தங்கையுடையது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எழுதுவதற்குத் தொண்டை வேண்டாம்தான், ஆனாலும் இன்று இவ்வளவுதான்.

ஏப்ரல் 2, புதன்

புது டிரைவ்கள் வந்துவிட்டன. முதல் டிரைவை ஒழுங்குபடுத்தலாமே என்று தங்கையிடம், "தப்பாக் குதிச்சதை எல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, அதுல கை வைக்காதே. நல்லது வேணும்னா ஒன்னு ரெண்டு போகட்டும்."

காரணம் சொல்லவில்லை. டிரைவையும் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு குளத்தின் மறுபக்கம் போனாள். அங்கே போன வாரம் சேர்ந்த ஒரு பெண், இவள் வயதுதான் இருக்கும், குதிக்கப் பயந்து பலகையின் பாதிவரை நடந்து நடந்து திரும்பிக்கொண்டிருந்தாள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். தங்கை திரையைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பெண் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொன்றையும் ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

நான் கேமராவை நிறுத்திவிட்டு இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றையும் அழிக்கவில்லை.