ஷெமி கேட்டது குடிக்கிற வெள்ளம் அல்ல

தம்பானூர், திருவனந்தபுரம்
பிப்ரவரி 12

அன்பு மக்கள் அகிலுக்கு, தம்பானூர் லாட்ஜின் இருபத்துநான்கு அறைகளுக்கும் ஓடாத ஒரு லிப்டுக்கும் ஏகச் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா நேசமணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் சித்தி ரத்னாபாயும் உடம்பளவில் சுகம், அங்கே அயர்லாந்தில் நீயும் குளிர் படாமல், ஆஸ்பத்திரி டியூட்டியில் இடுப்பு ஒடியாமல் இருக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம். உடம்பளவில் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். உன் அக்கா ஷெமி தொண்டைப் புண் என்று பத்து நாள் லீவில் வந்திருப்பதாக உன்னிடம் போனில் சொன்னாள் அல்லவா, அது பொய் மக்களே. அவள் தொண்டையில் ஒரு புண்ணும் இல்லை. நாடகத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இருபதாம் தேதி கம்பெனி மலேசியாவுக்குக் கிளம்புகிறது, அதற்குள் அவள் போய்ச் சேராவிட்டால் அந்த வேஷம் அவளுடையது இல்லை, அநேகமாக இனி எந்த மேடையும் இல்லை. அதற்குக் காரணம் இந்தச் சக்கரவர்த்திதான். போனில் சொல்லலாம் என்றால் அவள் அடுத்த அறையில் இருக்கிறாள், அதோடு நீ மறுபக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டாலே நான் பேச்சை வேடிக்கையாகத் திருப்பிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது என்று உட்கார்ந்திருக்கிறேன், எங்கேயாவது நழுவப் பார்த்தால் பொறுத்துக்கொள்.

இந்த ‘ஆற்றுக்காரி’ பாட்டு நாடகம் மதுரைக் கம்பெனியுடையது, பதினோரு வாத்தியக்காரர்கள், மழை பெய்யவைக்க ஒரு மிஷின், ஊர் ஊராக லாரியில் போகிற படகு ஒன்று என்பதெல்லாம் உனக்கு அவளே சொல்லியிருப்பாள். ஊருக்கு ஊர் ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் நான் இங்கே லாட்ஜுக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருக்கினேன். திருநெல்வேலியில் பெண்கள் அழுத அழுகையில் முன்வரிசை நாற்காலிகள் மிதந்தன என்றேன், மதுரையில் அன்றைக்கு மட்டும் வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது என்றேன், கோயம்புத்தூரில் ஐம்பது வருஷமாக முகத்தில் ஒரு சுருக்கம் விழாத மில் முதலாளி ஒருவர் துண்டை வாயில் கவ்விக்கொண்டு விம்மியதாகவும், அவர் பெண்டாட்டி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டதாகவும் சொன்னேன். ஷெமி சொன்னது இதில் எதுவும் இல்லை. திருநெல்வேலியில் ஒரு வயசான பெண் மேடைக்குப் பின்னால் வந்து, அவள் கன்னத்தில் கையை வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாடகத்தின் உயிரே கடைசிப் பாட்டு. ஷெமி போடுகிற வேஷம் படகுக்காரன் விதவை, அவள் கைப்பிள்ளையை ஆறு கொண்டுபோய்விட்டது, கரையில் மண்டியிட்டு, ‘ஆத்துப் பெருக்கே, ஆத்துப் பெருக்கே, எம்புள்ளைய எங்க வச்ச’ என்று பாடுகிறாள், பிறகு வாத்தியமெல்லாம் நின்றுபோகும், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ‘பெருக்கே... பெருக்கே...’ என்று வெறும் மூச்சாகக் கேட்பாள். திருவனந்தபுரத்தில் மலையாள ஜனம்தான் அதிகம் வரும், அவர்களுக்கும் புரிகிற மாதிரி அங்கங்கே வார்த்தையைத் திருத்திக்கொள்ளலாம் என்று டைரக்டர் விஜய்குமார் ஷெமியிடமே பொறுப்பைக் கொடுத்தார். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவாள், ஒன்பது வயசிலிருந்து வளர்த்த சித்தப்பாவிடம்தான் வந்தாள். நாற்பது வருஷமாக ஒரு காதால் தமிழும் மறு காதால் மலையாளமும் கேட்டு லாட்ஜ் நடத்துகிறவன் நான், அன்றைக்கு எனக்கு யாரோ கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவைக் கேட்டேன். பெருக்கே என்றால் இங்கே ஒருவனுக்கும் புரியாது, புரிகிற தமிழனுக்கும் துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கு என்றல்லவா கேட்கும், ஆகவே வெள்ளம் என்று போடு, ‘வெள்ளமே வெள்ளமே’ என்று பாடு, இரண்டு பாஷைக்கும் பொதுச்சொத்து என்று தீர்ப்பு எழுதினேன். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வெள்ளம்ண்ணு சொன்னா குடிக்கக் கேக்குத மாதிரி இருக்காதா சித்தப்பா” என்றாள். கேட்டாள் மக்களே. கேட்கத்தான் செய்தாள். பிரளயத்தில் வீட்டு மாடியில் ஏறி நின்ற ஜனத்துக்கு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியாதா, நீ பாடுகிற வேலையைப் பார், பாஷையை என்னிடம் விடு என்று அடக்கிவிட்டேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் சித்தி அடுக்களையிலிருந்து குளிக்க வெள்ளம் காயவைக்கவா என்று சத்தம் போட்டுக் கேட்டாள், ஆமா வையி என்று நானும் பதில் சொன்னேன். அப்போதும் உறைக்கவில்லை. மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர், நம் வீட்டிலும் பிறந்ததிலிருந்து கிணற்றில் கோருவதும் குடிப்பதும் காய்ச்சுவதும் வெள்ளம்தான், ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் நான் அடுக்களைத் தமிழை மறந்துவிட்டு மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த பேய்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஆட்டம். ஹால் நிறைந்துவிட்டது, இது என் வழக்கமான நிறைவு இல்லை, நிஜமாகவே நிறைந்திருந்தது. நம் சபைக்காரர்கள் மூன்று வரிசை, ஷெமியோடு படித்த ஜெஸியும் மற்றவர்களும், கிழக்கேகோட்டைத் துணிக்கடைகளில் வேலைபார்க்கிற நம் பிள்ளைகள், கீழே ஓட்டலில் பரோட்டா போடுகிற ஆறுமுகசாமி கூட்டாளிகளோடு லீவு போட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். மற்றதெல்லாம் மலையாள ஜனம், நல்ல ரசிகர்கள், குறை சொல்ல மாட்டேன், முதல் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டினார்கள், படகு கவிழ்ந்தபோது மாடிவரிசைக் கல்லூரிப் பிள்ளைகள்கூட வாயடைத்து இருந்தார்கள். கடைசிப் பாட்டு வந்தது. பாடுகிறவரை ஒன்றும் இல்லை. வாத்தியம் நின்றது, அவள் மண்டியிட்டுக் கையை நீட்டி, தொண்டை வறண்ட குரலில், வெள்ளம்... வெள்ளம்... என்றாள். முன்வரிசையில் வெள்ளை முண்டும் ஜிப்பாவும் போட்ட ஒரு பெரியவர் பதறி எழுந்தார். தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்துகொண்டே மேடை ஓரம் போய், “மோளே, இன்னா வெள்ளம், குடிச்சோ” என்று நீட்டினார். பாடிப் பாடி அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிட்டது, இந்தா தண்ணீர், குடி என்று முழு மனசோடு கொடுக்கிறார் பாவம். அவள் நீட்டிய கைக்கு நேராக அந்தப் பாட்டில் நின்றது. மாடியில் ஒருவன் சிரித்தான், எவனோ கள்ளுக்கடை வெள்ளம் வேணுமா என்று கேட்டான், பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. நம் சபை வரிசையிலும் சிரித்தார்கள் அகில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறுமுகசாமி மட்டும் எழுந்து நின்று திரும்பி எல்லாரையும் பார்த்துக் கொண்டிருந்தான், கண்ணெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னே டிசம்பர் மழையில் திருநெல்வேலிப் பக்கம் அவன் வீடு போனது உனக்கு நினைவிருக்கும், அவன் ஊரில் வெள்ளம் என்றால் அந்த வெள்ளம்தான். அந்த ஹாலில் பாட்டைப் பாட்டாகக் கேட்ட ஒரே ஆள் அவன். மறுநாள் டீ வாங்கப் போனபோது, “அந்த அக்கா நல்லாத்தான சார் பாடிச்சு, எதுக்குச் சிரிச்சாவ” என்று கேட்டான். எனக்கு டீ வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

ஷெமி எழுந்து ஓடவில்லை. பாட்டிலைக் கையில் வாங்கினாள், அதை மடியில் வைத்துக்கொண்டு மிச்ச வரியைப் பாடி முடித்தாள், யாருக்கும் கேட்கவில்லை.

இனி எழுதப் போவதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன். நான் மேடைக்குப் பின்னால் போனேன், கையில் அவளுக்கென்று வாங்கின அல்வாப் பெட்டி. விஜய்குமார் கையில் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார், நான் கொடுத்ததில் பெருக்கு என்று இருக்கிறதே, இதில் வெள்ளத்தை விட்டது யார், இருபத்தொரு ஊரில் சம்பாதித்த பெயர் ஒரு வார்த்தையில் போச்சே என்கிறார். ஷெமி என்னைப் பார்க்கக்கூட இல்லை. “நாந்தான் சார் மாத்துனேன்” என்றாள். இந்த ஊர்க்காரிதானே உனக்கே தெரியாதா, புத்தி எங்கே போச்சு என்று எல்லார் முன்னாலும் திட்டினார், வாத்தியக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவளுக்கு மாற்றாளாக வருகிற அஞ்சு என்ற பெண் அழுதேவிட்டாள். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ஆயிரம் பேருக்கு ஆயிரம் கதை சொல்லுகிற இந்த வாய், நான்தான் ஐயா என்று இரண்டு வார்த்தை சொல்லவில்லை. பயமா, வெட்கமா, அவளே சொல்லிவிட்டாள் என்கிற சௌகரியமா, யோசித்துப் பார்த்துவிட்டேன், சௌகரியம்தான். அந்தப் பெரியவர் வேறு கதவோரம் வந்து மோளுக்கு இப்போ சுகமாணோ என்று விசாரித்தார், சுகமாணு சார், வலிய உபகாரம் என்று அவள் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அல்வாவை நான் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். உன் சித்தி அதைத் திறக்கவில்லை, ஒங்க வாய வச்சிட்டு ஒரு நேரம் சும்மா இருக்கவும் தெரியாது, பேச வேண்டிய நேரத்துல பேசவும் தெரியாது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த ஆட்டம் கொச்சியில். பழையபடி பெருக்கே என்று மாற்றிவிட்டார்கள். வார்த்தை சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். வாத்தியம் நின்றது, கையை நீட்டினாள், வாய் திறக்கவில்லை. ஜனம் பேசாமல் காத்திருந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை, அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாதே. வீணைக்காரர் மூன்று தடவை எடுத்துக் கொடுத்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாடகத்தில் அப்படித்தான் என்று நினைத்து ஜனம் கை தட்டியதாம். மறுநாள் காலைப் பஸ்ஸில் இங்கே வந்து இறங்கினாள்.

நான்கு நாள் கழித்து விஜய்குமாருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட ஊதிப் பெருக்கவில்லை. அவர், அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே அண்ணாச்சி என்றார். அவளே போன் பண்ணி வருகிறேன் என்று சொன்னால் போதும், டிக்கெட் இன்னும் அவள் பேரில்தான் இருக்கிறது, ஆனால் அஞ்சுவும் பாட்டைப் பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றார். அதை எடுத்துக்கொண்டு ஷெமியிடம் ஓடினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை, சொல்லத் தெரியாமல் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை அகில், கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். “நீங்க மாத்துனதுல இல்ல சித்தப்பா. அந்த எடத்துல வந்து நின்னா, பாட்டு வரல்ல. எவன் மொதல்ல சிரிக்கப் போறாண்ணு காத வச்சுக் கேட்டுட்டே நிக்கேன்” என்றாள். இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். அதற்கு நான் என்ன திருத்தம் போடுவது, சொல்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அவள் போனைத் தொடுவதில்லை. சித்தியோடு சந்தைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறாள், பாட்டு வரும்போது எல்லாரோடும் எழுந்து நிற்கிறாள், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறாள். பாஸ்டர் கவனித்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

உன்னை அவளிடம் கெஞ்சச் சொல்லவோ, அவளை மலேசியாவுக்கு அனுப்பி வைக்கச் சொல்லவோ நான் இதை எழுதவில்லை, அந்த உரிமை எனக்குப் போய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர் ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, டியூட்டி முடிந்து மழையில் நடக்காதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையால் தொடப்படுகிற நோயாளிகள் எல்லாம் சுகப்படட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்குமுன் அக்கா ஒரு வரி பாடு என்று நீ கேட்பாய், சின்ன வயசிலிருந்து அது உன் வழக்கம். போன வாரமும் கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள், லைன் நன்றாகத்தான் இருந்தது, வைத்துவிட்டு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஞாயிறு கேட்காதே மக்களே. நான் சொல்லித்தான் கேட்கவில்லை என்றும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன்னை வளர்த்த
சித்தப்பா நேசமணி