ஜாடிகளைத் தொட வேண்டாம்

ஹெரிஃபோர்ட்ஷயர்,
2 ஏப்ரல் 1974

மதிப்பிற்குரிய திருமதி ப்ராபர்ட் அவர்களுக்கு,

நலம். தாங்களும் மகள் ஹிலரியும் நலமென நம்புகிறேன். நல்ல செய்தியோடு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் தாமதித்தேன். உங்கள் தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து நான் போட்ட சைடர் குளிர்காலத்திலேயே புளித்து நுரைத்து அடங்கிவிட்டது. பிப்ரவரியில் வண்டலை விட்டுவிட்டு வேறு கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றினேன். வாசனை பிரமாதம்! சுவையும் நன்றாகவே இருக்கிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் தெளியவில்லை. ஐந்து ஜாடியும் பார்லிக் கஞ்சி போல நிற்கின்றன.

ஹிலரியின் கல்யாண மேசைக்கு என் சைடர்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஜூன் எட்டுக்கு அறுபத்தேழு நாட்களே உள்ளன. இப்படியே பாட்டிலில் அடைத்தால் அறுபது விருந்தினர் முன் உங்களுக்குத் தலைகுனிவு. கடையில் வாங்கிக்கொள்ள இன்னும் நேரமிருக்கிறது.

நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், முறையாகத்தான் செய்கிறேன். தினமும் காலை ஏழரைக்கு ஒவ்வொரு ஜாடியாக ஜன்னலருகே தூக்கிவந்து, பின்னால் மெழுகுவத்தி வைத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளறையில் வைக்கிறேன். முப்பத்து நான்கு நாள் அட்டவணை இணைத்துள்ளேன். பிழை எங்கே?

தங்கள் உண்மையுள்ள,
அம்ப்ரோஸ் லிடியட்

4 ஏப்ரல்

அன்புள்ள லிடியட் சார்,

அட்டவணையைப் பார்த்துச் சிரித்து ஹிலரிக்குப் புரையேறிவிட்டது. "ஏம்மா, சாரு சைடர் போடுறாரா, இல்ல பச்சப்புள்ளைய தினம் வெயில்ல காட்டுறாரா?" என்கிறாள். "வாய மூடுடி, உன் கல்யாணத்துக்காகத்தான் இந்த வயசுல ஜாடி தூக்குறாரு" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

சார், இவ்வளவு படித்தவர் இப்படிச் செய்யலாமா? நாள் முழுக்க வண்டல் அடியில் படிகிறது. காலையில் நீங்கள் தூக்கிக் கலக்கிவிடுகிறீர்கள்! சைடருக்கு ஒரு குறையும் இல்லை. நான் கடையில் வாங்கப் போவதுமில்லை.

ஜாடிகளைத் தொட வேண்டாம். ஆப்பிள் பூ உதிரும்வரை உள்ளறையைப் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுங்கள். ஏழரைக்குக் கை சும்மா இருக்காது என்றால் மேட்டைத் தாண்டி இங்கே வந்துவிடுங்கள். டீ, பேக்கன், முட்டை எல்லாம் உண்டு.

ஈனிட் ப்ராபர்ட்

23 ஏப்ரல்

அன்புள்ள திருமதி ப்ராபர்ட்,

காலையில் உங்கள் மேசையில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். நேற்று சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். ஜாடிகளைத் தொடவில்லை. ஒன்றும் தெரியவுமில்லை, இருட்டு. மன்னிக்கவும். முட்டை மிக நன்றாக இருந்தது.

அ. லிடியட்

20 மே

அன்புள்ள ஈனிட் அவர்களுக்கு,

தெளிந்துவிட்டது! ஐந்தும்!

நேற்று நீங்கள் சாவியைத் தந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். மெழுகுவத்தியை ஜாடிக்குப் பின்னால் பிடித்தால் சுடருக்குள் இருக்கும் கருந்திரிகூடத் தெரிகிறது! தேன் நிறம். வண்டல் விரல் கனத்துக்குக் கெட்டியாக அடியில் உட்கார்ந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ரப்பர் குழாயைப் போட்டேன். ஒரு பொட்டு வண்டல் ஏறவில்லை. ஐம்பத்தெட்டு பாட்டில்கள், மூடியாயிற்று. எண்ணியது சரிதானா என்று இருமுறை பார்த்தேன்.

இன்று காலை ஏழரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டேன். தொடாமலிருக்க இனி ஜாடி இல்லை; என்ன காரணம் சொல்லி வருவது? நாற்பத்தைந்து காலைகள் உங்கள் எதிரே உட்கார்ந்தும் இதைக் கேட்க வாய் வரவில்லை. காரணம் இல்லாமலும் வரலாமா?

அம்ப்ரோஸ்

21 மே, மேட்டுப் பாதை

அம்ப்ரோஸ்,

நேற்றும் இன்றும் உங்கள் தட்டு வைத்தபடியே இருந்தது. "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ, போய்ப் பாரும்மா" என்று ஹிலரி விரட்டினாள். பாதி மேட்டில் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஐம்பத்தெட்டு! வாசித்ததும் நான் கத்திய கத்தலில் ஆடுகள் கலைந்து ஓடின.

உங்கள் உறையின் பின்பக்கத்திலேயே இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் உங்களுக்குக் காது சிவந்து ஒன்றும் ஏறாது. என் கணவர் இல்லாத கல்யாணத்தில் என் பக்கத்து நாற்காலி காலி. "அதுல யாரு உக்காரப் போறா, சைடர் பாட்டிலா?" என்று ஹிலரி ஒரு மாதமாகக் குடைகிறாள். போன வாரமே உங்கள் பெயரை அட்டையில் எழுதி வைத்துவிட்டோம். உங்களிடம் கேட்க எனக்கும்தான் வாய் வரவில்லை.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார், அவர் உங்கள் வீட்டு வழியாகத்தான் போகிறார். நான் வீடு திரும்பவில்லை. இந்தப் பாதையோரக் கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

ஈனிட்