கொடுவா கிங்கின் பச்சை விளக்கு

என் செல்ல அண்ணா,

நூலகத்தில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். யாரையும் காப்பாற்றுவதற்காக எதையும் விடவும் மாட்டேன். இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் கூட்டாளி டில்லி அண்ணன் கட்டாயம் படிக்க வேண்டும்.

நீ பொன்னேரி ரோட்டில் பைக்கோடு விழுந்து செத்துப்போன பிறகு, நாம் போனில் ஆடின அந்தச் சண்டை விளையாட்டை நான் திறக்கவே இல்லை. பரீட்சை முடிந்த அன்று மத்தியானம், சும்மா உன் பெயரை ஒரு தடவை பார்க்கலாம் என்று அம்மாவின் போனில் திறந்தேன். எனக்கு 'கிழங்கா' என்று சின்ன மீனின் பெயரை வைத்துவிட்டு, உனக்கு மட்டும் பெரிய மீனாகப் பார்த்து 'கொடுவா கிங்' என்று வைத்துக்கொண்டாயே, அந்தப் பெயர் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 'ஆட்டத்தில் இருக்கிறார்' என்று கீழே போட்டிருந்தது.

ஒரு நொடி, நீதான் என்று நம்பிவிட்டேன், அண்ணா. என்னை அப்படி நம்பவைத்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் உன் பட்டத்தைப் பார்த்தேன். நீ விட்டுப் போனபோது வைரம். இப்போது பல படி இறங்கி வெள்ளி.

ஒருநாள் நீ ஜெயித்துவிட்டுக் கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னாடி அநியாயம் இது! ஜெயிச்சதுக்குத் துளியூண்டு புள்ளி குடுக்கறான். நேத்து தோத்ததுக்கு மட்டும் கொத்தா புடுங்கினான். பெரிய படிப்பாளியாச்சே நீ, இன்னா கணக்குன்னு படிச்சுச் சொல்லு."

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். வெளியே தெரிகிற பட்டம் வேறு, உள்ளே மறைத்து வைத்திருக்கிற எண் வேறு. ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பக்கத்து எண்களையும் பார்த்து, யார் ஜெயிப்பார்கள் என்று இயந்திரம் ஊகிக்கும். ஜெயிப்பான் என்று அது நினைத்தவனே ஜெயித்தால் எண் கொஞ்சம்தான் ஏறும். அவன் தோற்றால் சரசரவென்று இறங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் உனக்குச் சமமான ஆளாகத் தேடி எதிரே நிறுத்தும். நீ ஏற ஏற, எதிரே வருகிறவனும் பலசாலியாக இருப்பான். அதனால் கடைசியில் பாதி ஜெயிப்பாய், பாதி தோற்பாய்.

"அப்போ எவ்ளோ நல்லா ஆடினாலும் பாதி ஆட்டம் தோத்துக்கினேதான் இருப்பேனா? தூ! நம்ம நைனாவோட பாடு இத்தவிட மேலு" என்றாய்.

நைனா என்றால் அப்பா; பாடு என்றால் என்ன என்றும் வெளியூர்க்காரர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடத்தை எங்கள் ஊரில் யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர் வலை, நாளைக்கு அவர் வலை என்று முறை வைப்பார்கள். அதுதான் பாடு. கெட்டிக்காரனுக்கும் ஒரு முறை உண்டு, கை ராசி இல்லாதவனுக்கும் ஒரு முறை உண்டு.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு நேரே வலை பின்னும் கூடத்துக்குப் போனேன். உன் கூட்டாளிகள் டில்லி அண்ணனும் சேகர் அண்ணனும் ஒரு போன் மேல் குனிந்திருந்தார்கள். நைனா அந்தக் கோடியில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அண்ணன் ஐடியில யாரு ஆடறது?" என்று கேட்டேன்.

டில்லி அண்ணன் முகத்தில் கொஞ்சம்கூடக் கலவரம் இல்லை. பெருமையாகவே சொன்னார். "நாங்கதான் பாப்பா. மச்சான் பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியுமே. ஆடாம வுட்டா வைரம் எறங்கிடும்ல? மச்சான் பேரு எறங்கக்கூடாதுன்னு பதினாறாம் நாளே பேசிட்டோம். சீட்டுப் போட்டு, பாடு மாதிரி முறை வெச்சு ஆடறோம்."

உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் மனசு இளகியது. உன் பட்டத்தை ஏரி என்று நினைத்துவிட்டார்கள். யார் வலை போட்டாலும் ஏரியில் இருக்கிற இறால் அதேதான். ஆனால் அந்த எண் ஓர் இடம் இல்லையே! அது உன் இரண்டு கைகளைப் பற்றிய ஊகம். டில்லி அண்ணன் கையை உன் கை என்று எண்ணி, வைரக்காரர்களை எதிரே நிறுத்தியது இயந்திரம். தோற்றார்கள். தோற்கத் தோற்க எண் இறங்கியது. அதுவரைக்கும் அது அறியாமை. அதற்காக நான் கோபப்படவில்லை.

"வைரம்தான் போச்சே. இன்னும் ஏன் ஆடறீங்க?"

சேகர் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார். "கீழதான் குஜால் பாப்பா. நாலு ஆட்டம் சொம்மா நின்னு செத்துக்கினே இருந்தா, அடுத்த ஆட்டத்துக்குப் பச்சப்புள்ளைங்களா வருது. பிச்சு எடுக்கலாம்."

அப்போதுதான் போனிலிருந்து அந்தக் குரல் கேட்டது. எந்த ஊர்ப் பையனோ, இன்னும் குரல் உடையவில்லை. "அண்ணா, ஏன்ணா என்னையே தொரத்தறீங்க? நான் இப்பத்தான்ணா கத்துக்கறேன்."

"கொடுவா கிங்குடா நானு! ஓடிடு!" என்று சேகர் அண்ணன் கத்தினார். இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

வேண்டுமென்றே தோற்று, தன்னைக் கையாலாகாதவன் என்று இயந்திரத்தை நம்பவைத்து, குழந்தைகளுக்கு எதிரே போய் நிற்பதா? அதுவும் உன் பெயரிலா? அந்தப் பையனின் மனசில் கொடுவா கிங் யார்? அவனிடம் போய், எங்கள் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

"டில்லிண்ணா, பாடு வெச்சிருக்கறவரு செத்துட்டா அவரு முறை யாருக்குப் போவும்?"

"அவங்க வூட்டுக்கு."

"அப்போ இது எங்க வூட்டுக்கு வரணும். பாஸ்வேர்டைக் குடுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சேகர் அண்ணன் சொன்னது இது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்: "பொட்டப்புள்ளைக்கு ஏது பாடு? போய்ப் புக்கு படி, போ."

அவர் சொன்னது பொய்யும் இல்லையே. ஊர்ச் சீட்டில் எந்தப் பெண்ணின் பெயரும் கிடையாது. உன் பெயர் கெட்டதற்கு மேல் இது வேறு.

நைனா மடியிலிருந்த வலையைக் கீழே வைத்தார். நீ போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை, தெரியுமா? அவருக்கு அந்த விளையாட்டும் தெரியாது, வைரமும் தெரியாது. முறை என்றால் என்ன என்று தெரியும். "இன்னாடா சேகரு, எம்புள்ள முறையில நீ வலை போட்டுக்கினு, எம்பொண்ணுகிட்டயே நாயம் பேசற?" என்றார். "அவன் முறை எங்கிட்ட வந்துச்சு. நான் அதுங்கிட்ட குடுத்துட்டேன். போனை நீட்டு."

சேகர் அண்ணன் போனை நீட்டினார். அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினேன். அதற்கான ஓடிபி, நீ பதிவு செய்திருந்த அம்மாவின் போனுக்குத்தான் வந்தது.

டில்லி அண்ணன் என் பின்னாலேயே படித்துறை வரைக்கும் வந்தார். கண் கலங்கியிருந்தது. "தப்புதான் பாப்பா. ஒரு மாசம் குடு, நல்லா ஆடற ஆளை வெச்சு மறுபடி வைரம் ஏத்திக் குடுத்துடறேன்."

இன்னும் புரியவில்லை பார், அவருக்கு! வேறு யாரோ கையால் ஏற்றிய வைரத்தை நான் என்ன செய்வேன்? வெள்ளியைவிட அதுதான் அசிங்கம். "வேணாம்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மறைத்து வைத்த எண்ணோடு இன்னொன்றையும் சில விளையாட்டுகள் வைத்திருக்குமாம். அந்த எண்ணைத் தான் எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு. நிறைய ஆடுகிறவனைப் பற்றி நம்பிக்கை கூடும். ஆடாமல் இருப்பவனைப் பற்றி அது நாளுக்கு நாள் குறையும். கடைசியில், இந்த ஆளைப் பற்றி எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது என்கிற அளவுக்கு வந்துவிடும். முன்பு அதைப் படித்தபோது பயமாக இருந்தது. இப்போது அதுதான் வேண்டும். இரண்டு திருட்டுக் கைகளைப் பார்த்துவிட்டு, உன்னைத் தெரியும் என்று அது சொல்ல வேண்டாம். தெரியாது என்று சொல்லட்டும். எனக்குத் தெரியும்.

அதனால் இந்த வாக்கு. உன் முறையை நான் வைத்துக்கொள்வேன், வலை போட மாட்டேன். வேறு யாரையும் போடவிடவும் மாட்டேன். 'கிழங்கா' மட்டும் எப்போதாவது ஆடும். தோற்றால் உண்மையாகவே தோற்கும். அந்தப் பையன் என்றைக்காவது எதிரே வந்தால், யாருடைய தங்கை நான் என்று அவனுக்குச் சொல்வேன்.

உன் முறையை வாங்கி வைத்திருக்கும்,
உன் தங்கச்சி.

நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். வாசல் வெளிச்சத்தில் நின்று அம்மாவின் போனைப் பார்த்துவிட்டேன். உன் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை விளக்கு அணைந்திருக்கிறது.