கடைசி வரிசையில் உட்காரவைத்தேன்

அன்புள்ள மோஹா அண்ணாவுக்கு,

உங்கள்மேல் அமைதி உண்டாகட்டும். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். "என்ன டீச்சரம்மா, சௌக்கியமா?" என்று நீங்கள் கேட்டதுமே எனக்கு வாய் அடைத்துப்போகிறது. எல்லாரும் நலம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அங்கே ஸ்பெயினுக்குத் திரும்பும் நம் ஊர் ஸயீதிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இந்த வருடம் ஆலிவ் காய்ப்பு குறைவு. அண்ணி, பெற்ற மகள் ரப்ஹாவின் பெயரை எடுப்பதே இல்லை. ரொட்டி தட்டும்போது மட்டும் இன்னமும் ஒன்று கூடுதலாகத் தட்டிவிடுகிறார்.

போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் மெக்னெஸ் நகரத்துக்குப் போய் ரப்ஹாவைப் பார்த்தேன். ஸஹ்ரா சித்தியின் பேரக்குழந்தையை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். "பொண்ணு தங்கம்தான். ஆனா பத்து வாட்டி கத்தணும். செவுத்துகிட்டப் பேசுனா அதாச்சும் திரும்பிப் பேசும்" என்று சித்தி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் எங்கள் பள்ளிக்குச் சுகாதார வண்டி வந்தது. என் வகுப்பில் வேறொரு பெண்ணைச் சோதித்த நர்ஸ் காதுக் கோளாறின் அடையாளங்களைச் சொல்லச் சொல்ல, எனக்கு ரப்ஹாவின் முகம்தான் தெரிந்தது.

செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். காதுக்குள் நெடுநாளாக நீர் கோத்திருக்கிறதாம். அதற்கு மருந்து உண்டு. ஆனால் பல சத்தங்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்க அவளால் முடியவில்லை என்றார். ஒலி பிடிபடாத பிள்ளைக்கு எழுத்து எப்படிப் பிடிபடும்? அமைதியான இடத்தில், முன்னால் உட்காரவைத்து இப்போதே தொடங்கினால் வாசித்துவிடுவாளாம். "ரெண்டு வருஷம் இவளுக்குப் பாடம் எடுத்தவங்க கண்ணை மூடிக்கிட்டா இருந்தாங்க?" என்று கேட்டார். அது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் நாம் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் அரபு. நம் பிள்ளைகள் எல்லாரும் முதலில் திணறுவார்கள், நானும் திணறினேன். இவளுக்கும் அதுதான் என்று நினைத்தேன். எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்லும்போது இவளும் வாயசைப்பாள். நாற்பது குரலில் ஒரு குரல் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மகளுக்கு முதல் வரிசையா என்று ஊர் பேசுமே என்று பயந்து, கடைசி வரிசையில், மாவு மில் இரையும் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வாசிக்கச் சொன்னால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். முறைக்கிறாள் என்று வெளியே நிறுத்தினேன்.

போன வருடம் கோடையில் நீங்கள் வந்தபோது, இவளுக்குப் படிப்பு ஏறாது என்று சொன்னதும் நான்தான். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சிடப்போவுது" என்றீர்கள். மறுவாரம் அவள் படிப்பை நிறுத்தி, பிள்ளை பார்க்க மெக்னெஸில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள்.

டாக்டர் வீட்டு வாசலில் அவள் முன் உட்கார்ந்து, தப்பெல்லாம் அத்தையுடையது, உன்னுடையது இல்லை என்றேன். தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாத அத்தை. காதும் சரியில்லேன்னு தெரிஞ்சா என்னை வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டார்" என்றாள்.

அவள் சொல்லை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். அவளை என்னோடு அனுப்பும்படி சித்தியிடம் கெஞ்சினேன். "மோஹா கொண்டாந்து விட்ட பொண்ணு. மோஹா வந்து கேட்டா அனுப்புறேன். உன் பேச்சைக் கேட்டு ஒருதடவை ஆடினது போதாதா?" என்றார். எனக்கு அது வேண்டியதுதான்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்கு வலுவைத் தரட்டும். என்னைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பெருநாள் லீவு வரை காத்திருக்காதீர்கள், அண்ணா. நீங்களே வந்து அவளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
இத்தோ