ஆனைக்கொம்பன்

கார்த்திகை, வியாழன்.

முருகையனின் குத்தகை வயலைப் பார்க்க இன்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார்; பூச்சி ஆராய்கிறவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். நெற்குருத்தெல்லாம் வெங்காயத்தாள் போலக் குழலாகி வெளிறி நின்றது. ஆனைக்கொம்பன் பூச்சி விழுந்த பயிர். அது குருத்தில் உண்டாக்கும் கட்டியைத்தான் மூன்று வருடமாக மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்கிறேன்.

"பயிரைப் பாக்காம விட்டுட்டான். இவனைக் குத்தகையிலேர்ந்து எடுத்துடணும்" என்றார் நிலத்துக்காரர்.

"இல்லீங்கய்யா, ஒரு நாள் விடாம பாத்தேன்" என்றார் முருகையன்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார், இது எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பூச்சி பிடித்த நாற்றைக் குத்தாலத்திலிருந்து கொண்டுவந்து, அவர் வரப்பை ஒட்டிய எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயலில் வைத்தவன் நான். பூச்சி வெளியே போகாமல் அதை மூடியிருந்த வலை கிழிந்திருந்ததைப் பார்த்தும், ஆய்வு கெட்டுவிடுமே என்று நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

"மப்பும் தூறலுமா இருந்தா எங்கேயும் வருங்க" என்றேன்.

"அப்ப மத்த வயல்லாம் ஏன் நல்லாருக்கு?" என்றார் நிலத்துக்காரர். நான் குனிந்து ஒரு குருத்தைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தேன். கவனக்குறைவு என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது முருகையன் என் சைக்கிளை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தூக்கி வைத்தார். "எனக்காக நீங்க ஒருத்தராவது பேசுனீங்களே சார்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வரேங்க" என்று மட்டும் சொல்லி ஏறி மிதித்துவிட்டேன்.

நாளை தாலுகா ஆபீஸில் உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை போகலாம். ஆனால் நாளை போகாவிட்டால் பிறகு ஒருநாளும் போகமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.