வேஸ்ட் பீஸ்

ஜூன் 3, 2024

கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்கால் சில்லு உடைந்ததிலிருந்து, தொடை முதல் கணுக்கால் வரை விறைப்பான பட்டை. அசைக்கக் கூடாது. ஆனால் அசைக்காமலே வைத்தால் மூட்டு இறுகிவிடுமாம். பட்டையைக் கொஞ்ச நேரம் கழற்றி, குறைந்த சக்தி லேசர் ஒளி காட்டலாம் என்றார் பிசியோதெரபி டாக்டர் தேஜஸ்ரீ. "உறுதியாச் சொல்ல மாட்டேனுங்கக்கா. மூட்டைக் காப்பாத்தலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. சுடாதுங்க."

சரி என்றேன். முழங்கால் மடங்காவிட்டால் தையல் மிஷினில் எப்படி உட்காருவது? வேறென்ன வேலை தெரியும் எனக்கு? நாள் பார்த்துக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 6

இன்றும் கூப்பிடவில்லை.

ஜூன் 7

நானே போன் செய்தேன். என் வீட்டுக்காரர் பூபாலன் அன்றைக்கே தேஜஸ்ரீயிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

என்னைக் கேட்காமல். கால் யாருடையது?

அவர் வீரபாண்டியில் துணி வெட்டும் லேசர் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். லேசர் என்றாலே அவருக்குத் துணி பொசுங்கும் வாசனைதான். "துணியே கருகுது புள்ள, உன்ற மூட்ட உட்டு வெக்குமா?" இது வேறு லேசர், சுடாது என்றேன். காதில் ஏறினால்தானே! கத்தித் தீர்த்தேன். சோறு போட மாட்டேன் என்றேன். எழுந்து போய்ப் போடவும் முடியாது — அது இன்னொரு எரிச்சல்.

ஜூன் 10

ஆட்டோ வைத்துத் தனியாகக் கிளம்பினேன். பூபாலன் வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார். தேஜஸ்ரீ கருவியை எடுத்ததும் பூபாலன் குறுக்கே வந்து தன் கையை நீட்டினார்.

"மொதல்ல எனக்கு வெச்சுப் பாருங்கம்மா. புதுத் துணி வந்தா வேஸ்ட் பீஸ்ல ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்க நல்ல துணில வெப்போம்."

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றார். ஒன்றும் ஆகவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஒதுங்கினார், என் முறை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? கோபம் போகவில்லை.

ஜூலை 22

பட்டை கழன்றது. முழங்கால் மடங்குகிறது, முழுசாக இல்லை. ஒளியாலா, அழ வைத்த பயிற்சியாலா? தேஜஸ்ரீக்கே தெரியாதாம்.

ஆகஸ்ட் 12

வீட்டு மிஷினில் உட்கார்ந்து பார்த்தேன். மிஷினுக்கு அடியில் முழங்காலால் தள்ளுகிற தட்டு மட்டும் எட்டவில்லை. பூபாலன் ஸ்பானரோடு கீழே குந்தினார். திருகப் போனவர் நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு தள்ளி வெக்கட்டும் புள்ள?"

கேட்கிறார்.

இன்னும் கொஞ்சம் என்றேன். முதல் தடவையே சரியாக இருந்தது. இருந்தாலும் மறுபடி மறுபடி மாற்ற வைத்தேன்.